மூன்றில் நின்ற எண்

ஜூன் 9, திங்கள்

எழுதிப் பார், பயம் குறையும் என்று டாக்டரம்மா சொல்லி மூன்று மாதமாகிறது. குறையவில்லை. அமுதினி தூங்கியதும் சமையல் மேடையோரம் நின்றபடியே எழுதுகிறேன். உட்கார்ந்தால் நானும் தூங்கிவிடுவேன்.

இன்று அவளுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. தெர்மாமீட்டரை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். ஒருமுறை காட்டியதை நம்பக் கூடாது. 99, 98.8, 99. என் கணவன் விமல் வீடியோவில் வந்து சிரித்தான். அவனுக்கு ஓரகடத்தில் ஷிப்டு வேலை, சனிக்கிழமை இரவுதான் வேலூருக்கு வருவான். "எட்டரை மாசக் குழந்தைக்கு எத்தன வாட்டிடி ஜுரம் பாப்ப? உன்ன மாதிரி ஆளு ப்ரோக்ராம் எழுதினா ஊர்ல ஒருத்தனும் சாகமாட்டான்."

பகலில் எதிர்வீட்டு ஷாஹிதா அக்காதான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். பக்ரீத் முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது, வீடு கொள்ளாத விருந்தாளிகள். அந்தக் கூட்டத்திலும் என் பெண்ணின் கூழ்க் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அக்கா கவனித்துவிட்டார். "இன்னாம்மா, பாஸா ஃபெயிலா?" என்றார். விருந்தாளிகள் சிரித்தார்கள்.

ஆபீசில் பாலமுரளி சார் கூப்பிட்டார். அவர் முதலாளி, நாங்கள் ஆறு பேர். அளவுகளைக் கம்பியில்லாமல் அனுப்பும் சின்னப் பெட்டிகள் செய்கிறோம். நோடு என்போம். "நாளைக்குத் தோல் பிளான்ட்டுக்குப் போயிட்டு வந்துடும்மா. அங்க மீட்டரும் நம்ம நோடும் பேசிக்க மாட்டேங்குதாம்."

சுற்றியுள்ள தோல் கம்பெனிகளின் கழிவுநீர் எல்லாம் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையம் அது. பிரசவத்துக்குப் பிறகு நான் அங்கே போனதில்லை. "வேற யாராச்சும் போகட்டுமே சார்" என்றேன்.

"ப்ரோக்ராம் உன்னோடதுதானேம்மா."

என்னோடதுதான்.

சிலிண்டருக்குப் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

அந்த நாற்றத்தை எப்படி எழுதுவது? பேருந்திலிருந்து இறங்கும்போதே தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அழுகிய முட்டை என்பார்கள். முட்டை பாவம். பக்ரீத் தோல்கள் லாரி லாரியாக வந்து இறங்கும் வாரம் இது. உப்பும் மயிரும் கொழுப்பும் கலந்த தண்ணீர் வாய்க்காலில் சாம்பல் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. நுரையின் மேல் ஈ. நடக்கும்போது வாயைத் திறக்கவில்லை.

கசடுத் தொட்டி கடைசியில் இருக்கிறது. இரண்டு ஆள் ஆழம். அதன் சுவரில் விஷவாயு மீட்டர், வேறு கம்பெனியுடையது. அதன் மூக்கு மட்டும் தொட்டிக்குள் தொங்கும். மீட்டரிலிருந்து இரண்டு வயர் எங்கள் நோடுக்கு வரும். நோடு கேள்வி கேட்கும், மீட்டர் எண்ணில் பதில் சொல்லும். அந்த எண் ரேடியோவில் கண்ட்ரோல் ரூமுக்குப் போய்த் திரையில் தெரியும். பத்தைத் தாண்டினால் சைரன் அடிக்க வேண்டும், தொட்டியில் ஆள் இறங்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் லாசர் திரையைக் காட்டினார். மூன்று. "இதே மூணுதான் மேடம். நானும் டெய்லி பாக்கிறேன். என் மாமியா மொகம் மாதிரி அசையவே மாட்டேங்குது."

தொட்டியடியில் நோடைத் திறந்தேன். செம்பு வயரின் நுனிகள் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தன. இந்த வாயு செம்பைத் தின்னும். நுனிகளை வெட்டி, புதிதாகச் சீவி முடுக்கினேன். லேப்டாப்பை அந்த இரண்டு வயரிலேயே மாட்டி நேராகக் கேட்டேன். மீட்டர் பதில் சொன்னது. மூன்று, நான்கு, மூன்று. கண்ட்ரோல் ரூம் திரையும் அசைந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

தொட்டி சுத்தம் செய்யும் ஏழுமலை அருகில் நின்று வேடிக்கை பார்த்தார். நாற்பது வயதிருக்கும், முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டிய கைலி. "இன்னா மேடம், மூக்கப் பொத்திகினே இம்மாம் வேல செய்றீங்க. கைய விட்டா இன்னும் எவ்ளோ செய்வீங்க!" கிளம்பும்போது பாதி எலுமிச்சம்பழத்தைச் சுவர்மேல் வைத்தார். "தேச்சிக்கோங்க. சோப்புக்கெல்லாம் போவாது இது."

மதியம் பால் கட்டிக்கொண்டு வலித்தது. பிளான்ட்டில் பெண்களுக்கென்று இருக்கும் ஒரே கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஸ்டோர் ரூமில் சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவே நின்று பிழிந்து, கொண்டுவர மனம் வராமல் வாய்க்காலிலேயே ஊற்றினேன். அந்தச் சாம்பல் நுரையில் அது ஒரு நொடி வெள்ளையாக இருந்தது.

ஜூன் 11, புதன்

பத்து மணிக்கு லாசர் போன். "மேடம், மறுபடியும் மூணுல நின்னுடுச்சு."

ஜூன் 12, வியாழன்

நேற்று இரவு அமுதினி பால் குடிக்கவில்லை. மார்பில் மூக்கு பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். இரண்டு முறை குளித்திருந்தேன். தலைமுடியில் இருக்கிறதோ? மூன்றாம் முறை சீயக்காய் போட்டுக் குளித்து வந்தேன். அதற்குள் அழுதே தூங்கிப்போனாள். மூக்கருகில் விரல் வைத்து மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று மறுபடியும் பிளான்ட். மீட்டரும் நோடும் பேசும் வேகம் ஒன்றுதானா என்று பார்த்தேன், ஒன்றுதான். வயர் இடம் வலம் மாறியிருக்கிறதா? இல்லை. நோடையே மாற்றினேன். அரை மணி நேரம் ஒழுங்காகப் பேசியது. பிறகு லேப்டாப்பில் எண்ணுக்குப் பதில் குப்பை எழுத்து. பிறகு மௌனம். பிறகு மறுபடி ஒழுங்கு.

ஏழுமலைதான் சொன்னார். "நான் ஒண்ணு சொல்லட்டா? சேறு பம்ப் ஓடுச்சின்னா எங்க ரூம் ரேடியோ கூட கர்ருங்குது. நீங்க வேணா நிறுத்திப் பாருங்களேன்."

பம்பை நிறுத்தினோம், பேசியது. ஓட்டினோம், செத்தது. ஐந்து முறை மாற்றி மாற்றிச் செய்தோம். என் இரண்டு வயரையும் பம்பின் மின்சார வயரோடு ஒரே குழாயில் திணித்திருக்கிறான் காண்ட்ராக்டர். ஒரு குழாய் மிச்சம் பிடித்திருக்கிறான். படுபாவி.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஏழுமலையைப் பார்த்துச் சிரித்தேன். பம்ப் ஓடும்போது என்ன அளவு என்று தெரிந்துகொள்ளத்தான் மீட்டரின் முகத்தைத் தேடினேன். அதற்குச் சொந்தமாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. தொட்டிப் பக்கம் திரும்பியிருந்தது, அதன்மேல் விரல்கடை கனத்துக்கு அழுக்கு. யாரும் அதைப் பார்ப்பதில்லை. திரைதான் கணக்கு. கைப்பையிலிருந்த அமுதினியின் வாய்துடைக்கும் துணியை எடுத்துத் துடைத்தேன்.

நூற்று நாற்பது.

லாசருக்குப் போன் செய்தேன். "உங்க திரைல எவ்வளவு?"

"மூணு மேடம்."

துணியை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று ஒன்றை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

பம்ப் ஓடினால் அடிச்சேறு கலங்கும். கலங்கினால் வாயு கிளம்பும். அதே நேரத்தில்தான் வயர் செத்துப்போகிறது. சேற்றைப் பம்பின் வாய்க்குத் தள்ளிவிட ஓர் ஆள் வாரியோடு உள்ளே இறங்குவதும் அப்போதுதான். இறங்குமுன் லாசர் திரையைப் பார்த்து எண்ணை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதி நோட்டு. புரட்டிப் பார்த்தேன். மூன்று, மூன்று, நான்கு, மூன்று. ஒன்பது மாதமாக. லாசரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

"நாத்தம் கீற வரிக்கும் பயமில்ல மேடம்" என்று ஏழுமலை சொன்னார். "நாறிகினே இருந்து, டக்குனு நாறாம பூடுச்சின்னா, அப்போதான் ஏறி ஓடி வந்துடணும். மூக்கு செத்துப்போச்சின்னு அர்த்தம். எங்க மச்சான் தேவாவுக்கு அது தெரியல. புதுசு. திரைல மூணுன்னாங்க, எறங்கினான். தூக்கும்போது கையில வாரிய வுடவே இல்ல. குடிச்சிட்டு எறங்கினான்னு எழுதிட்டாங்க. அவன் டீ கூட குடிக்கமாட்டான்."

"எப்போ?" என்று கேட்டேன்.

"போன புரட்டாசி. ஆயுத பூஜைக்கு முன்ன."

பால் காய்ச்சினேன். தொட்டில் கயிற்றை மாற்றினேன். கொசுவலையில் ஓட்டை, தைக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

விமல் வந்தான். கட்டிக்கொள்ள வந்தவன் ஒரு கணம் நின்றான். எனக்குத் தெரிந்தது. "வேலை செஞ்ச வாசம்தானே, பரவால்ல" என்றான்.

ஷாஹிதா அக்கா பிரியாணி கொடுத்தனுப்பினார். நல்ல அரிசி, நல்ல கை. இறைச்சித் துண்டைப் பார்த்ததும் தோல் லாரி ஞாபகம் வந்து எழுந்து ஓடினேன். தயிர்சோறும் நிற்கவில்லை. அக்காவிடம் நன்றாக இருந்தது என்று பொய் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

லேப்டாப்பைத் திறந்தேன். நோடின் ப்ரோக்ராம். யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். எனக்குத் தேதி தெரியும். பார்க்காமலே தெரியும். இருந்தும் பார்த்தேன், தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல மூன்று முறை.

செப்டம்பர் 6. நான் பிரசவ விடுப்பில் போன நாள். என் பெயர்.

முதலில் நான் எழுதியிருந்தது வேறு. மீட்டரிலிருந்து பதில் வராவிட்டால் திரையில் கோடு மட்டும் தெரியும், சைரன் அடிக்கும். அளவு தெரியாதபோது ஆபத்து என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கல்லூரியில் படித்தது. ஆனால் சைரன் ஒரு நாளைக்கு இருபது முறை அடித்தது. பிளான்ட் மேனேஜர் சீனிவாசன் பாலமுரளி சாரைத் திட்டினார், உங்க டப்பா நாய் மாதிரி ஊளையிடுது என்றார். சார் என் மேஜைக்கு வந்தார். எனக்குக் கால் வீங்கியிருந்தது, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. "பதில் வரலன்னா கடைசியா வந்த எண்ணையே காமிக்கச் சொல்லிடும்மா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. ரெண்டு செகண்டு விட்டுப்போறதுக்கு எதுக்கு ஊரக் கூட்டணும்?"

ரெண்டு செகண்டு என்றால் ரெண்டு செகண்டுக்கு மட்டும் என்று எழுதியிருக்கலாம். அதற்கு இன்னும் நான்கு வரி வேண்டும். நான் ஒரு வரி எழுதினேன். சைரன் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். கேக் வெட்டினோம்.

செப்டம்பர் 24 அமுதினி பிறந்தாள். தேவா இறங்கியது 26. அனுமதி நோட்டில் அந்தத் தேதிப் பக்கத்தில் எண்ணை எழுதி லாசர் போட்ட கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணல், மேல்பாதி போட்டுவிட்டு எழுந்து ஓடியவர் பிறகு வந்து மீதியைப் போட்டதுபோல.

விமலிடம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீ சொன்னதச் செஞ்ச. வயர ஒண்ணா இழுத்தது எவனோ. எறக்கிவிட்டது எவனோ. நீ எப்படிடி?" என்றான்.

எவ்வளவு இதமாக இருந்தது கேட்க. இன்னொரு முறை சொல்லேன் என்று கேட்கத் தோன்றியது. அதுதான் இந்த வாரத்திலேயே பெரிய அருவருப்பு. அந்த வாய்க்கால்கூட அதற்கு அடுத்துதான்.

ஜூன் 16, திங்கள்

தூங்கவில்லை. பால் வற்றுகிறது.

ஜூன் 17, செவ்வாய்

பிளான்ட்டில் மீட்டிங். பாலமுரளி சார், மேனேஜர் சீனிவாசன், நான். மேனேஜர் கூடவே ரோஜா வாசனைத் திரவியம் ஒன்று வைத்திருக்கிறார். பேச்சுக்கு நடுவே கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்கிறார்.

அப்போதுதான் புரிந்தது, எதற்காக என்னை அனுப்பினார்கள் என்று. எண் நிற்பது அவர்களுக்கு ஒன்பது மாதமாகத் தெரியும். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். "கிராஃப் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும்மா" என்றார் மேனேஜர். "பாக்கறவன் சந்தேகப்படுவான். கொஞ்சம் ஆடணும். அழகா ஆடணும்."

"கேபிளைத் தனிக் குழாய்ல மாத்திப் போட்டா உண்மையான அளவே வரும் சார்" என்றேன். "பம்ப் ஓடும்போது நூத்தி நாப்பது."

அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. "அது ஆடறது இல்லம்மா. குதிக்கறது."

பாலமுரளி சார் என்னை வெளியே அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினார். அவர் கெட்டவர் இல்லை, என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர், வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தவர். "கேபிளை மாத்திடு, வேணாங்கல. ஆனா வெள்ளிக்கிழமை தாண்டுற வரைக்கும் மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல சும்மா ஆடற மாதிரி ஒண்ணு போட்டு விடேன். அஞ்சு நிமிஷ வேலை. அந்தப் பழைய வரியத் தொடாத. மாத்தினா ஏன் மாத்தினீங்கன்னு கேப்பான். அப்போ எப்ப போட்டீங்க, யாரு போட்டாங்கன்னு வரும். உனக்குத்தாம்மா சொல்றேன். கைக்குழந்தைக்காரி."

தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். எழுதி வைக்கிறேன்.

வெளியே வந்தபோது மேனேஜர் லாசரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கு முன் தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும், வியாழக்கிழமை காலை ஏழுமலை இறங்கட்டும்.

ஜூன் 18, புதன்

புதுக் கேபிள், தனிக் குழாய், மேலே உறை போட்ட வயர், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு மூன்றாம் வயர். நானும் ஏழுமலையும் வெயிலில் நாள் முழுக்க இழுத்தோம். குழாயை எங்கே வளைக்க வேண்டும் என்பதில் என்னைவிட அவருக்குத்தான் தெளிவு. பம்பை ஓட்டிப் பார்த்தோம். லேப்டாப்பில் குப்பை இல்லை. மீட்டர் சொல்வது நோடுக்குக் கேட்கிறது.

"அப்போ முடிஞ்சுது" என்றார் ஏழுமலை.

முடிந்ததுதான். கேபிள் சரி, எண் சரி. அந்த ஒரு வரி உள்ளே கிடந்தாலும் இன்றைக்கு அதனால் கெடுதல் இல்லை. யாருக்கும் தெரியவும் வேண்டாம். இப்படியே பஸ் ஏறியிருப்பேன். ஆனால் போன வாரம் செவ்வாய்க்கிழமை நான் புதிதாகச் சீவிய நுனிகள் பழைய கேபிளோடு கையில் இருந்தன. எட்டே நாள்தான். பழுப்பேறி, ஓரங்களில் கறுப்பு தொடங்கியிருந்தது.

புதுக் கேபிளையும் அது தின்னும். மூன்று மாதமோ ஆறு மாதமோ. அன்றைக்கு மறுபடி மூன்று.

"கையக் காட்டுங்க" என்று ஏழுமலை எலுமிச்சையைப் பிழிந்துவிட்டார். "கொழந்தைய தூக்கணும்ல?" வயர் கிழித்த வெட்டுக்காயத்தில் எரிந்தது. தேவாவின் மனைவி யார் என்று கேட்டேன். மோகனா, ஷூ கம்பெனியில் தைக்கிறாள் என்றார். "என் கூடப்பொறந்தவதான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா" என்றேன்.

ஜூன் 19, வியாழன்

முழுவதும் எழுத வேண்டும். எழுத்து கோணினால் கோணட்டும்.

ஆறு மணிப் பேருந்தில் போனேன். குழந்தையை அந்நேரத்துக்கே ஷாஹிதா அக்காவிடம் விட்டேன். "பயமா?" என்று மட்டும் கேட்டார். கிண்ணத்தை நான் முகர்ந்து பார்க்கவில்லை என்பதை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்.

ஏழரைக்குத் தொட்டியடியில் நோடைத் திறந்து புது ப்ரோக்ராமை ஏற்றினேன். அந்த வரியை நீக்கிவிட்டேன். பதில் வராவிட்டால் கோடு, சைரன். ஆடும் எண் எதுவும் போடவில்லை. மாற்றியது யார் என்ற இடத்தில் என் பெயரும், ஏன் என்ற இடத்தில், "பதில் இல்லாதபோது பழைய எண்ணைக் காட்டியது தவறு, ஆள் இறங்கும் இடம்" என்றும் எழுதினேன். நாற்பது நொடியில் ஏறிவிட்டது. ஒன்பது மாதக் காரியம்.

எட்டு மணிக்குப் பம்பை ஓட்டினார்கள். ஏழுமலை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வாரியோடு நின்றார். நான் கண்ட்ரோல் ரூமில், லாசர் பக்கத்தில். நோட்டு திறந்திருந்தது. மேனேஜர் ரோஜா மணத்தோடு பின்னால்.

மூன்று. மூன்று. ஒன்பது. பதினெட்டு. சைரன் அடித்தது. அறுபத்து நான்கு. நூற்று முப்பது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்துத் தோல் கம்பெனி ஆட்களெல்லாம் மதில்மேல் எட்டிப்பார்த்தார்கள்.

"நிறுத்தும்மா அத!" என்று கத்தினார் மேனேஜர். "நாளைக்கு இன்ஸ்பெக்ஷன வெச்சுகினு இன்னா பண்ணி வெச்சிருக்க! லாசர், மூணுன்னு எழுது. மெஷின் ரிப்பேர்னு எழுது."

லாசர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். "கண்ணு தெரியுது சார்" என்றார். "நூத்தி நாப்பத்தி ரெண்டு. மூணுன்னு எழுதி ஒருத்தனத் தூக்கிப்போட்டாச்சு. நீங்க வேணா எழுதுங்க."

மேனேஜர் எழுதவில்லை. பாலமுரளி சாருக்குப் போன் போட்டபடி வெளியே போனார்.

ஏழுமலை இறங்கவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு மதில் நிழலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். போனேன். எதிரில் உட்கார்ந்தேன். பேருந்தில் வரும்போது ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, முன்னாடியும் இந்த சைரன் இப்படித்தான் அடிச்சிட்டு இருந்துது. வயர் பேசலன்னாலே அடிக்கும். தேவா எறங்கறதுக்கு இருபது நாள் முன்னாடி அத அடிக்காமப் பண்ணது நான். மூணக் காட்டிக்கிட்டே இருன்னு எழுதினது நான்."

அவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

"தெரிஞ்சா?"

"ஆள் எறங்குவாங்கன்னு தெரியும். வயர் இப்படி மணிக்கணக்கா சாகும்னு தெரியாது. யோசிக்கல. வீட்டுக்குப் போகணும்னு இருந்துது."

"ம்."

"அவர் குடிச்சிட்டு எறங்கலன்னு நான் எழுதித் தர்றேன். எங்க வந்து சொல்லணுமோ அங்க வந்து சொல்றேன். மோகனாகிட்ட..."

"அவகிட்ட நீங்க இப்போ வர வேணாம்." எழுந்தார். முதல்முறையாக மேடம் என்று சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "அந்த சைரன். இனிமே வயர் அறுந்தாலும் அடிக்குமா?"

"அடிக்கும்."

"அறுத்துக் காட்டுங்க."

ஓடிக்கொண்டிருந்த பம்பை நிறுத்தச் சொன்னேன். எண் இறங்கி இறங்கி, முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பத்துக்குக் கீழே வந்ததும் சைரன் ஓய்ந்தது. அதுவரை ஏழுமலை தொட்டியடியிலேயே நின்றிருந்தார். நோடிலிருந்து ஒரு வயரை உருவினேன். சைரன் அலறியது. மறுபடி மாட்டினேன், நின்றது. அவர் என் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை உருவினார். அலறியது. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கண்ட்ரோல் ரூமுக்குப் போய் அனுமதி நோட்டை எடுத்தேன். செப்டம்பர் 26. லாசரின் கோணல் கையெழுத்துக்குக் கீழே இடமிருந்தது. "இங்கே எழுதியுள்ள 3 அன்றைய அளவு அல்ல. பம்ப் ஓடும்போது மீட்டரின் பதில் வராமல், பழைய எண்ணே திரையில் நின்றிருக்கிறது. அப்படி நிற்கும்படி ப்ரோக்ராம் எழுதியவள் நான். சுகிர்தா." இன்றைய தேதியையும் போட்டேன். லாசர் ஒரு தரம் படித்தார். போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தார். "நோட்டு காணாமப் போவும் மேடம். இங்க நெறைய காணாமப் போயிருக்குது" என்றார்.

கை கழுவ மதிலருகே போனேன். சுவர்மேல் எலுமிச்சை இல்லை.

ஜூன் 20, வெள்ளி

பாலமுரளி சார் காலை ஆறு மணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். ஆபீஸ் வர வேண்டாம். லேப்டாப்பை ஆள் வந்து வாங்கிக்கொள்வார். கீழே, "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று இன்னொன்று. ப்ரோக்ராமின் பதிவு முழுவதையும் நேற்றே அச்செடுத்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். விமலிடம் போனில் சொன்னேன். "வேல போச்சா?" என்றான். பிறகு, "சரி, நாளைக்கு வரேன்" என்றான். ஜோக் எதுவும் சொல்லவில்லை.

ஆய்வுக்கு வந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று தெரியாது. தொட்டி சுத்தமாகவில்லை என்று மட்டும் லாசர் சொன்னார். வெளியிலிருந்தே சேற்றை உறிஞ்ச லாரி வரவழைக்கிறார்களாம். ஆள் இறக்க முடியவில்லை, சைரன் விடமாட்டேன் என்கிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏழுமலை உங்க நம்பர் கேட்டான். குடுத்துட்டேன்" என்றார்.

போன் இதுவரை அடிக்கவில்லை. சமையல் மேடையில் எதிரிலேயே வைத்திருக்கிறேன். ஏழுமலை பேசுவாரோ, மோகனா பேசுவாரோ. எடுத்ததும் என்ன சொல்வது என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

பகல் முழுக்க அமுதினியோடு வீட்டில். கூழ் ஊட்டினேன், துணி துவைத்தேன், கொசுவலையைத் தைத்தேன். மாலையில் மார்பருகே வைத்தபோது மூக்கைச் சுளித்துக் கையால் தள்ளினாள். நான்கு முறை குளித்தும் இருக்கிறது. என் மகள் கெட்டிக்காரி.

இப்போது என் உள்ளங்கையை நானே முகர்ந்து பார்த்தேன். நாறுகிறது. போகட்டும் என்று கழுவாமல் உட்கார்ந்திருக்கிறேன். நாறும்வரைக்கும் பயமில்லை.